பங்குனி பதினேழாம் தேதி ஓடிய கார்

அரசமங்கலம்,
திருவையாறு வழி.
2-3-2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கோவிந்தராசு எழுதுவது. இங்கே நான், ரெத்தினம், மாடு ரெண்டு, எல்லாரும் சௌக்கியம். உன் முட்டி ஆபரேஷனுக்குத் தையல் பிரித்துவிட்டார்களா? படி ஏறுகிறாயா? போனில் நான் கத்துவது தெருவுக்கே கேட்கிறது, உனக்கு மட்டும் கேட்பதில்லை. அதனால்தான் இந்தக் கடுதாசி.

இந்த வீட்டில் நோவு ஒருத்தருக்குத்தான். காருக்கு.

முப்பத்து நாலு வருஷம் கரண்டு கம்பத்தில் ஏறி இறங்கி, ரிட்டயர்மெண்டில் வந்த பணத்தைப் போட்டுத் தை மாசம் எடுத்தேனே, அதே கார். எடுத்த பன்னிரண்டாம் நாள் மேலத்தெருவில் நின்றது. அதுவும் எங்கே? பஞ்சநதம் வீட்டு வாசலில். ஊரில் வேறு இடமே இல்லையா அக்கா? வண்டி நின்றால் பரவாயில்லை, ஹாரன் நிற்கவில்லை. நான் கையை எடுத்துவிட்டேன், அது பாட்டுக்கு அலறுகிறது. கதவும் பூட்டிக்கொண்டது. பஞ்சநதம் சாவகாசமாக வெளியே வந்து, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "என்னப்பா, தள்ளணுமா?" என்றார். தள்ளினார்கள். உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்குச் செத்துப் போகலாம் போலிருந்தது.

ஷோரூமில் கொண்டுபோய் விட்டேன். மேனேஜர் ஜெரால்ட் தம்பி தங்கமான பையன், "சாஃப்ட்வேர் சார்" என்றான். பதினாலு நாள் கழித்து மறுபடி நின்றது. "சென்சார் சார்" என்றான். போன ஞாயிற்றுக்கிழமை என் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் கிளம்பினோம். குத்தாலம் தாண்டியதும் ஹாரன், கதவு, எஞ்சின், மூன்றும் ஒரே நேரத்தில். மாலையும் கழுத்துமாக நானும் ரெத்தினமும் வாழைத்தார் ஏற்றிய மினி லாரியில் போய் இறங்கினோம். ஐயர் எங்களைப் பார்த்துவிட்டுத் தாருக்குத்தான் முதலில் இடம் காட்டினார்.

நுகர்வோர் கோர்ட்டில் முப்பது வருஷம் ஹெட் கிளார்க்காக இருந்தவள் நீ. இந்த வண்டியைக் கம்பெனிக்காரனே திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க வழி உண்டா?

வெயிலில் அலையாதே. பேரப்பிள்ளைக்கு முத்தம்.

உன் தம்பி,
கோவிந்தராசு


மதுரை,
9-3-2024

அன்புத் தம்பி கோவிந்தராசுவுக்கு,

அக்கா காளியம்மாள் ஆசியுடன் எழுதுவது. தையல் பிரித்தாயிற்று. காதைத் தவிர உடம்பில் எல்லாம் வேலை செய்கிறது.

வழி உண்டு. ஆனால் நீ என் பேச்சைக் கேட்க வேண்டும். பிறந்ததிலிருந்து கேட்டதில்லை, இப்போதாவது கேள். ஒவ்வொரு தடவை வண்டியை விட்டபோதும் ஷோரூமில் ஒரு ஜாப் கார்டு கொடுத்திருப்பார்கள். அதில் தேதியும் கோளாறும் இருக்கும். உயிரைப் போல வைத்திரு. ரெத்தினம் அதில் மசால் பொடி கட்டிவிடப் போகிறாள். ஜெரால்ட் தங்கமான பையனாகவே இருக்கட்டும், அவன் வாயால் சொல்வது எதுவும் செல்லாது, எழுதி வாங்கு.

கீழே உள்ளவற்றுக்கு எண் போட்டுப் பதில் எழுது. 1. வாங்கிய தேதி. 2. முதல் கோளாறு எப்போது? 3. எத்தனை தடவை சரிசெய்தார்கள்? 4. ஒவ்வொரு தடவையும் என்ன காரணம் சொன்னார்கள்? 5. இதுவரை ஓடிய கிலோமீட்டர். 6. வேறு மெக்கானிக் யாராவது கை வைத்தானா? 7. குடும்பத்தோடு போய் வருவதைத் தவிர வேறு எதற்காவது காரைப் பயன்படுத்தினாயா?

ஏழாவது ரொம்ப முக்கியம். இந்த விவகாரம் முடிகிற வரைக்கும் கோயில், ஆஸ்பத்திரி, கல்யாணம், இதைத் தவிர வேறு எதற்கும் வண்டியை எடுக்காதே. உரமூட்டை ஏற்றாதே. வைக்கோல் ஏற்றாதே. உன்னை எனக்குத் தெரியும்.

சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதே.

உன் அக்கா,
காளியம்மாள்


அரசமங்கலம்,
8-4-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று ரெத்தினம் தினமும் சொல்கிறாள், உன் கடுதாசியைப் படித்த பிறகு கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறாள். பதில் எழுத ஒரு மாசம் ஆகிவிட்டது, அறுவடை நேரம்.

நீ கேட்டது: 1. ஜனவரி 19. 2. ஜனவரி 31. 3. மூன்று தடவை. ஜனவரி 31, பிப்ரவரி 14, பிப்ரவரி 26. ஜாப் கார்டு மூன்றும் பீரோவில், என் பட்டாவோடு இருக்கின்றன. 4. சாஃப்ட்வேர், சென்சார், மூன்றாவது தடவை "வெயில் சார்". மாசி மாசத்தில் என்ன வெயில்? 5. ஆயிரத்து நானூறு. 6. இல்லவே இல்லை.

ஏப்ரல் ரெண்டாம் தேதி மறுபடியும் நின்றுவிட்டது. இந்தத் தடவை கொஞ்சம் புகை வாசனையும் வந்தது. ஷோரூமில்தான் இருக்கிறது.

இந்த வருஷம் நம் வயலில் உளுந்து பிரமாதம். தனி பார்சலில் பத்து கிலோ அனுப்பியிருக்கிறேன். வடை தட்டிச் சாப்பிடு.

உன் தம்பி,
கோவிந்தராசு


மதுரை,
15-4-2024

அன்புத் தம்பிக்கு,

சித்திரை வாழ்த்து. உளுந்து வந்தது. நல்ல திரட்சி. வடை தட்டினோம், மருமகள் ஐந்து தின்றாள், நான் எத்தனை என்று எழுத மாட்டேன்.

ஏழாவது எங்கே?

அந்த உளுந்தைப் பற்றியும் ஒரு சந்தேகம். ஆள் கிடைக்கவில்லை, மெஷினும் ஒரத்தநாடு பக்கம் போய்விட்டது என்று ரெத்தினம் என் மருமகளிடம் போனில் அழுதாளாமே. அப்புறம் எப்படி அடித்தீர்கள்? ஒரு கல், ஒரு தூசி இல்லாமல் வந்திருக்கிறது.

கம்பெனிக்கு நோட்டீஸ் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நம் வக்கீல் நுஸைபாவிடம் கையெழுத்து வாங்கி ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பு. தஞ்சாவூரில் அந்தப் பெண் மாதிரி சுறுசுறுப்பு யாரும் இல்லை. இரண்டாம் பக்கத்தைப் படித்துப் பார்: "என் கட்சிக்காரர் மேற்படி வாகனத்தைக் கண்ணை இமை காப்பது போலக் காத்து வந்துள்ளார்." முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு வரி நான் எழுதியதில்லை. உனக்காக எழுதினேன்.

வயிற்றைப் பார்த்துக்கொள். ஏழாவதை எழுது.

காளியம்மாள்


அரசமங்கலம்,
20-5-2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். கோடை மழை ரெண்டு தடவை பெய்தது.

நோட்டீஸ் போனது, ஒப்புகை அட்டையும் வந்துவிட்டது. கம்பெனியிலிருந்து மூன்று பேர் சென்னையிலிருந்து வந்து ஷோரூமில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் ரெண்டு மணி நேரம் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். எதையோ சுரண்டி எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டார்கள். என்னவென்று நான் கேட்கவில்லை.

ஏழாவதை எழுத உட்கார்ந்தேன், அதற்குள் தபால் பெட்டி திறக்கும் நேரம் ஆகிவிட்டது.

தம்பி,
கோவிந்தராசு

அண்ணி, ரெத்தினம் எழுதுறேன். அவரைத் திட்டாதீங்க. நான்தான் சொன்னேன். என்ன சொன்னேன்னு அவரே எழுதுவாரு.


மதுரை,
20-6-2024

கோவிந்தராசுவுக்கு,

நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை.

கம்பெனியின் பதில் நகலை நுஸைபா அனுப்பியிருக்கிறாள். நாலாம் பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்: "வாகனத்தின் அடிப்பாகத்திலும் புகைக்குழாயைச் சுற்றியும் காணப்பட்ட தாவரப் பொருள்: உளுந்துச் செடி, தண்டு, நெற்று. எடை ஒரு கிலோ இருநூறு கிராம். ஆகவே கோளாறுகள் யாவும் உரிமையாளரின் முறையற்ற பயன்பாட்டால் ஏற்பட்டவை. வாகனத்தைத் திரும்பப் பெற இயலாது."

அடப்பாவி! காரை விட்டு உளுந்து அடித்தாயா? புத்தம் புதுக் காரை? நான் தொடாதே என்று எழுதிய கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டா ஓட்டினாய்? கண்ணை இமை காப்பது போல என்று எழுதினேனே, எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அந்த நுகர்வோர் கமிஷன் வாசலில் நான் இனிமேல் நிற்பேன்? அந்த உளுந்தில் சுட்ட வடையைத் தின்ற என்னைச் சொல்ல வேண்டும்.

பணம் போனது போனதுதான் என்று நினைத்துக்கொள். அல்லது நடந்ததை ஒரு எழுத்து விடாமல் எழுது.

காளியம்மாள்


அரசமங்கலம்,
27-6-2024

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு. நியாயம்தான். மாத்திரை போட்டுக்கொண்டு மீதியைப் படி.

பங்குனி பதினேழு. மார்ச் முப்பது, சனிக்கிழமை. உளுந்துச் செடியைப் பிடுங்கி வழக்கம்போல வாய்க்கால் ரோட்டில் பரப்பிப் போட்டிருந்தோம். பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கினால் நெற்று வெடித்துவிடும், தூற்றி அள்ளிக்கொள்ளலாம், உனக்குத் தெரியாததா. இந்த வருஷம் பாலத்தை இடித்துப் போட்டிருக்கிறார்கள், பஸ் அந்தப் பக்கமே வரவில்லை. காலையிலிருந்து ஒரு சைக்கிள் போனது, அதுவும் ஓரமாக. மதியத்துக்கு மேல் தெற்கே கருத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் அவ்வளவும் முளைத்துவிடும்.

ரெத்தினம் சொன்னாள்: "வாசல்ல நாலு சக்கரம் சும்மா நிக்குது."

"அக்கா தொடாதேன்னு எழுதியிருக்கு."

"அக்காவா வந்து உளுந்தை அள்ளப் போவுது?"

எடுத்தேன். முன்னே ஒரு தடவை, பின்னே ஒரு தடவை. நெற்று வெடிக்கிற சத்தம் இருக்கிறதே, கேட்டுக்கொண்டே இருக்கலாம். அதைப் பார்த்து மருதையன் தன் உளுந்தைக் கொண்டுவந்து பரப்பினான். அப்புறம் அவனோடு சேர்த்து நம் தெருவில் பதினோரு வீடும். அத்தனை தடவை போய் வந்தேன், வயிற்றெரிச்சலைக் கேள், அன்றைக்கு மட்டும் அந்த வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. கடைசியில் உளுந்து வறுத்த வாசனை வந்தது, அவ்வளவுதான்.

நம் தெரு உளுந்தோடு நிறுத்தியிருப்பேன். நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால், வெளியே பஞ்சநதம் நிற்கிறார். துண்டு தோளில். வானத்தைப் பார்க்கிறார், ரோட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கவில்லை. "கோவிந்தராசு, நம்மளதையும் ஒரு மிதி மிதிச்சுக் குடுத்தீன்னா..." என்றார்.

அக்கா, நம் அப்பா பஞ்சநதம் வீட்டுக் களத்தில் கூலிக்கு மாடு ஓட்டியவர். அவர்கள் வீட்டுப் பிள்ளை என் கார் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவர் உளுந்தின் மேல் இன்னும் ரெண்டு தடவை கூடுதலாகவே ஓட்டினேன்.

இதுதான் ஏழாவதுக்குப் பதில்.

உன் தம்பி,
கோவிந்தராசு


மதுரை,
4-7-2024

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தில், இரண்டாவது தடவை வேறு மாதிரி. அதைப் பற்றி இப்போது பேச்சில்லை, வேலையைப் பார்ப்போம்.

உன் மூன்று ஜாப் கார்டும் ஜனவரி, பிப்ரவரி. உளுந்து மார்ச் முப்பது. உளுந்து அடிப்பதற்கு முன்னாலேயே வண்டி மூன்று தடவை நின்றிருக்கிறது. உளுந்து பின்னால் போய்க் கோளாறை உண்டாக்க முடியாது. ஆகவே ஒளிக்காதே. மனுவில் நாமே முதலில் சொல்லிவிடுவோம்: ஓட்டினேன், இந்தத் தேதியில், இத்தனை மணிக்கு. ஒளித்தால்தான் அவனுக்குக் கொண்டாட்டம்.

அதற்கு ஒரு சாட்சி வேண்டும். மார்ச் முப்பதுக்கு முன்னால் நீ ஒரு தடவையும் அப்படி ஓட்டவில்லை என்று சொல்கிற ஆள். மருதையன் சரிப்படாது, பங்காளி என்பார்கள். உனக்கு வேண்டாதவர் ஒருவர் சொன்னால்தான் எடுபடும். அதாவது பஞ்சநதம்.

இன்னொன்று, இதுதான் உயிர்நாடி. அன்றைக்கு யாரிடமாவது கூலி வாங்கினாயா? ஒரு ரூபாய், ஒரு படி உளுந்து? வாங்கியிருந்தால் நீ வாடகைக்கு வண்டி ஓட்டியவன் ஆகிவிடுவாய். வியாபாரத்துக்கு வாங்கிய காருக்கு இந்தக் கோர்ட்டில் இடம் கிடையாது, வழக்கு அன்றோடு முடிந்தது. கம்பெனி வக்கீல் கட்டாயம் இதைத்தான் பிடிப்பார். உண்மையை எழுது.

ரெத்தினத்தைத் திட்டவில்லை என்று சொல். அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

காளியம்மாள்


அரசமங்கலம்,
2-9-2024

அன்புள்ள அக்காவுக்கு,

ரெண்டு மாசமாக எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான்.

கூலி வாங்கவில்லை. ஒரு பிடி உளுந்துகூட யாரிடமும் வாங்கவில்லை. பஞ்சநதம் ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார், வேண்டாம் என்றேன். ஏனென்று கேட்காதே.

மனுவை நுஸைபா போட்டுவிட்டது. நீ பயந்த மாதிரியே கம்பெனிக்காரர்கள் பதிலில், "பன்னிரண்டு பேரிடம் கட்டணம் பெற்று வாடகைக்கு ஓட்டியுள்ளார்" என்று எழுதிவிட்டார்கள். இப்போது எல்லாம் பஞ்சநதம் வாயில் நிற்கிறது.

மூன்று தடவை அவர் வீட்டுக்குப் போனேன். முதல் தடவை ஊரில் இல்லை என்றார்கள், உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்டது. ரெண்டாவது தடவை காப்பி கொடுத்து, மேட்டூர் தண்ணீரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி அனுப்பிவிட்டார். மூன்றாவது தடவை நேராகவே கேட்டேன். "கோர்ட்டுல வந்து நான் என்னன்னு சொல்றது? ரோட்டுல நின்னு உன்கிட்டக் கேட்டேன்னா? உனக்குக் கார் போச்சுன்னா இன்னொரு கார். எனக்குப் பேரு போச்சுன்னா?" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

வண்டி ஷோரூமில் தூசு படிந்து நிற்கிறது. ஜெரால்ட் தம்பி என்னைப் பார்த்தால் கழிவறைக்குப் போய்விடுகிறான். முப்பத்து நாலு வருஷம், அக்கா. நாலாவது தடவையும் போய்க் கேட்கட்டுமா?

தம்பி,
கோவிந்தராசு


மதுரை,
7-9-2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது, இன்றே எழுதுகிறேன்.

போகாதே. அந்த வாசலில் நாலாவது தடவை நீ நிற்கக் கூடாது. அப்பா நின்றதெல்லாம் போதும். பங்குனி பதினேழாம் தேதி அவர் உன்னிடம் வந்து கேட்டார், அது நடந்தது, எந்தக் கோர்ட்டும் ஆமாம் என்று சொல்ல வேண்டியதில்லை. இருக்கிற காகிதத்தை வைத்து நுஸைபா வாதாடட்டும். கார் போனால் போகிறது.

உன் வழக்கில் ஜெயிக்க வேண்டும் என்று உன்னைவிட எனக்குத்தான் ஆசை. அதனால்தான் இதை எழுதக் கை வலிக்கிறது.

விசாரணையன்று ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுப் போ. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். சொந்தக் கதை பேசாதே.

உன் அக்கா,
காளியம்மாள்


அரசமங்கலம்,
24-10-2024

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உனக்கு பிரஷர் ஏறிவிடும். காரைக் கம்பெனியே திருப்பி எடுத்துக்கொள்கிறது. முழுப் பணமும் நாற்பத்தைந்து நாளில் தருகிறோம் என்று அவர்கள் வக்கீல் கமிஷன் முன்னாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நுஸைபா கேட்டு அந்த "முறையற்ற பயன்பாடு" வரியையும் அடிக்க வைத்துவிட்டது. ரெத்தினம் நேற்றிலிருந்து தெருவில் எல்லாருக்கும் வடை கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நீ சொன்னபடி நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு தஞ்சாவூருக்கு பஸ்ஸில் போனேன். கம்பெனி வக்கீல் எழுந்து, நீ எழுதிய மாதிரியே பேசினார். இவர் விவசாய வேலைக்கு வாடகை வண்டி ஓட்டியவர், இதற்குக் கூலி வாங்காமல் யாராவது ஓட்டுவார்களா, நம்புகிற மாதிரியா இருக்கிறது என்றார். கமிஷன் தலைவர் அம்மா நுஸைபாவைப் பார்த்து, வெளி ஆள் சாட்சி உண்டா என்றார். இல்லை என்று நுஸைபா சொல்ல வாயெடுத்தது.

பின்னால் பெஞ்சிலிருந்து, "இருக்கு" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் பஞ்சநதம். இஸ்திரி போட்ட வேட்டி. எனக்கு முந்தின பஸ்ஸில் வந்து உட்கார்ந்திருக்கிறார், மனுஷன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கூண்டெல்லாம் கிடையாது, மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். "பங்குனி பதினேழு, சனிக்கிழமை. அன்னைக்கு என் உளுந்தும் ரோட்டுல கெடந்துச்சு. இவரு கார் அதுக்கு முன்னாடி எந்த உளுந்து மேலயும் ஏறுனதில்ல. ஆனா அதுக்கு முன்னாடியே என் வாசல்ல நின்னுருக்கு, என் ஆளுங்கதான் தள்ளுனாங்க. அன்னைக்கு நான்தான் இவருகிட்டப் போய்க் கேட்டேன். யாரும் சொல்லி அனுப்பல, நானாத்தான் போய்க் கேட்டேன்" என்றார். காது சிவந்துவிட்டது அவருக்கு. ஆனாலும் சொல்லிவிட்டார்.

"கூலி கொடுத்தீர்களா?" என்றார் வக்கீல்.

"நீட்டுனேன். வாங்கல."

"ஏன் வாங்கவில்லை?"

"அதை அவரைத்தான் கேக்கணும்."

தலைவர் அம்மா என் பக்கம் திரும்பி, "நீங்கள் சொல்லுங்கள், ஏன் வாங்கவில்லை?" என்றார். சொந்தக் கதை பேசாதே என்று நீ எழுதியிருந்தாய். நான் எழுந்து நின்றேன். நுஸைபா சொல்லிக்கொடுத்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"எங்கப்பா வாங்குனது போதும்னு வாங்கலம்மா" என்றேன்.

பஞ்சநதம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஓரமாக உட்கார்ந்து டைப் அடிக்கிற பெண்தான், பாவம், கையை நிறுத்திவிட்டு, "காதுல சரியா விழல சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்றது.

இன்னொரு தடவை சொன்னேன், அக்கா. சத்தமாகவே சொன்னேன்.

உன் தம்பி,
கோவிந்தராசு